ஒருவரும் எடுக்காத பெடியன்

ரொறன்ரோவில் கார்ல்டன் வீதியும் சேர்ச் வீதியும் சந்திக்கும் மூலையில் ஒரு பழைய மஞ்சள் செங்கல் கட்டடம் நிற்கிறது. கீழ்த்தளத்தில் இப்போது லோப்லாஸ் கடை. பாலும் பாணும் வாங்கப் போகிறவர்களில் பலர் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஒருகாலத்தில் அதுதான் மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற ஹொக்கி அரங்கு. 1946 நவம்பர் 1ஆம் திகதி இரவு அங்கே ரொறன்ரோ ஹஸ்கிஸ் என்ற கூடைப்பந்து அணியும் நியூயோர்க் நிக்ஸ் அணியும் மோதின. நிக்ஸ் 68க்கு 66 என்று வென்றது. இன்று உலகமே பார்க்கும் என்பிஏ, தனது முதல் ஆட்டமாகக் கணக்கு வைத்திருப்பது அந்த ஆட்டத்தைத்தான். ஹஸ்கிஸ் ஒரே பருவத்தோடு கலைந்துபோனது.

அன்றைய விளம்பரம் ஒன்று என் மனதில் தங்கிவிட்டது. ஹஸ்கிஸ் அணியின் ஆக உயரமான வீரர் ஜோர்ஜ் நோஸ்ட்ராண்ட், 6 அடி 8 அங்குலம். அவரைவிட உயரமான எவரும் காசு கொடுக்காமல் உள்ளே வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். பார்க்க வருகிறவனைக்கூட அளந்து பார்த்துத்தான் இந்த விளையாட்டு இங்கே தொடங்கியிருக்கிறது.

இந்தக் கட்டுரை அளப்பதைப் பற்றியது. கல்லூரியில் ஆடும் ஓர் இளைஞன் நாளைக்குத் தொழில்முறை ஆட்டக்காரனாக வருவானா என்று முன்கூட்டியே சொல்லும் கலையைப் பற்றியது. நான் உதைபந்தாட்டத்தோடும் கரப்பந்தாட்டத்தோடும் வளர்ந்தவன். கூடைப்பந்து எனக்கு இந்த நாட்டில் மகன் மூலம் வந்தது. அவன் 2012இல் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். அப்போது ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பிறகு தேடித் தேடி வாசித்ததில் கிடைத்த பதிலை இங்கே எழுதுகிறேன்.

அது பெப்ரவரி 14. நியூயோர்க் நிக்ஸ் ரொறன்ரோவுக்கு வந்திருந்தது. ராப்டர்ஸ் நிர்வாகம் அந்த இரவை ஆசிய மரபு இரவாக முன்பே குறித்து வைத்திருந்தது. நிக்ஸ் அணியில் ஜெரமி லின் என்றொரு பெடியன். தாய்வானிலிருந்து குடியேறிய பெற்றோருக்குக் கலிபோர்னியாவில் பிறந்தவன். பத்து நாட்களுக்கு முன்புவரை அவனை எவருக்கும் தெரியாது. ஆட்டம் 87க்கு 87 என்று சமமாக நிற்கிறது. பந்து அவன் கையில். கடிகாரத்தை ஓடவிட்டான். அரை விநாடி மிச்சமிருக்கும்போது, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தான். பந்து விழுந்தது. தங்கள் அணி தோற்றதை மறந்து ரொறன்ரோ இரசிகர்கள் ஆரவாரித்தார்கள். வீட்டுச் சோபாவில் இருந்து மகன் துள்ளினான். அவனுக்கு அப்போது பதினைந்து வயது. பிறகு திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டான்:

"அப்பா, இவ்வளவு நல்லா ஆடுறவனை ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை?"

எடுப்பது என்றால் என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். என்பிஏ-யில் ஒவ்வொரு ஆண்டும் ஜூன் மாதத்தில் ட்ராஃப்ட் நடக்கிறது. 1947இல் தொடங்கிய வழக்கம். அணிகள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் புதிய ஆட்டக்காரர்களைத் தெரிவு செய்யும். பலவீனமான அணிகளுக்கு முன்வரிசையில் இடம். 1985இலிருந்து அந்த முன்வரிசையைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. 2010இல் இரண்டு சுற்றுகள், 60 இடங்கள். அமெரிக்கக் கல்லூரிகளின் முதற்தரப் பிரிவில் மட்டும் முந்நூறுக்கு மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் வேறு. அத்தனை பேரிலும் 60 பேர்.

ஆகவே அணிகள் ஆண்டு முழுவதும் ஆட்களை அனுப்பிப் பார்க்கின்றன. இவர்களை ஸ்கௌட் என்பார்கள். கல்லூரி கல்லூரியாகப் போய் ஆட்டம் பார்த்துக் குறிப்பெழுதுவது இவர்களது தொழில். பிறகு வசந்த காலத்தில் சிக்காகோவில் கொம்பைன் என்ற அளவெடுப்பு. சப்பாத்தில்லாமல் உயரம், விரித்த கைகளின் நீளம், நின்றபடி கை எட்டும் உயரம், எம்பிக் குதிக்கும் உயரம், முக்கால் மைதானத்தை ஓடிக் கடக்கும் நேரம். கலியாணத் தரகர் சாதகக் கட்டோடு வருவதுபோல ஒவ்வொரு பெடியனுக்கும் ஒரு கட்டுக் காகிதம்.

அந்தக் காகிதம் பொய் சொல்லாது. ஆனால் எதைக் கேட்டோமோ அதற்குத்தான் பதில் சொல்லும். 2007இல் கெவின் டுராண்ட் என்ற மெலிந்த பெடியனைப் படுக்க வைத்து 185 இறாத்தல் எடையைத் தூக்கச் சொன்னார்கள். ஒரு தடவைகூட அவனால் தூக்க முடியவில்லை. பலர் தலையை ஆட்டினார்கள். அவன் அந்த ஆண்டு இரண்டாவது ஆளாகத் தெரிவானான். இந்த விளையாட்டின் வரலாற்றில் மிகப் பெரிய புள்ளி சேர்ப்பாளர்களில் ஒருவனாகவும் ஆனான். படுத்துக்கொண்டு எடை தூக்குவதற்கும் பந்தைக் கூடையில் போடுவதற்கும் என்ன தொடர்பு என்று அன்று கேட்டவர்கள் குறைவு.

லின்னுக்கு வருகிறேன். 1988இல் பிறந்தவன். தகப்பனுக்கு இந்த விளையாட்டில் பைத்தியம். ஒளிநாடாக்களைப் பார்த்துப் பார்த்துத் தானும் பழகி, மூன்று ஆண்பிள்ளைகளுக்கும் பழக்கினார். 2006இல் பாலோ அல்ட்டோ உயர்பள்ளி அணி கலிபோர்னியா மாநிலத்தின் இரண்டாம் பிரிவுக் கிண்ணத்தை வென்றது. இறுதி ஆட்டத்தில் மேட்டர் டே என்ற பலமான அணியை 51க்கு 47 என்று தோற்கடித்தது. அணித் தலைவன் லின். ஆனால் எந்த முதற்தரக் கல்லூரியும் அவனுக்கு விளையாட்டுப் புலமைப்பரிசில் தரவில்லை. அவனது பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம் வீதியைக் கடந்தால் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகம். அங்கிருந்தும் அழைப்பு வரவில்லை. ஹாவர்ட் அணியில் இடம் தருவதாகச் சொன்னது. ஹாவர்ட் சேர்ந்திருக்கும் ஐவி லீக் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுப்பதில்லை.

எங்கள் வீடுகளில் ஹாவர்ட் கிடைத்தது என்றால் வெடி கொளுத்துவோம். கூடைப்பந்து உலகில் அது பின்வாசல். 1950களுக்குப் பிறகு ஹாவர்டிலிருந்து ஒருவர்கூட என்பிஏ-யில் ஆடியதில்லை. லின் அங்கே நான்கு ஆண்டுகள் ஆடினான். கடைசி ஆண்டில் ஆட்டத்துக்கு சராசரியாக 16.4 புள்ளி, 4.5 உதவிப் பாஸ், 2.4 பந்துப் பறிப்பு. 2009 டிசம்பரில், அப்போது நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்றாக இருந்த கனெக்டிகட்டுக்கு எதிராக 30 புள்ளி எடுத்தான். ஹாவர்ட் 79க்கு 73 என்று தோற்றது. அடுத்த ஆட்டத்தில் பொஸ்டன் கொலிஜுக்கு எதிராக 25 புள்ளி. அதில் ஹாவர்ட் வென்றது.

இந்த எண்களை எப்படி வாசிப்பது? இதுதான் தெரிவாளரின் சிக்கல். பலவீனமான லீக்கில் எடுத்த 16 புள்ளியும் பலமான லீக்கில் எடுத்த 16 புள்ளியும் ஒன்றல்ல. ஆகவே கழிவு போட வேண்டும். கழிவு போடுவது நியாயம். எவ்வளவு என்பதில்தான் மனிதன் நுழைகிறான். லின் விடயத்தில் கழிவு அளவில்லாமல் போனது. பலமான அணிகளோடு அவன் ஆடிய சில ஆட்டங்களைத் தனியாக எடுத்துப் பார்த்திருந்தால், அங்கேயும் அவன் சுருங்கவில்லை என்பது தெரிந்திருக்கும்.

அப்படி எடுத்துப் பார்த்த ஒருவர் இருந்தார். கூரியர் நிறுவனமொன்றில் வாகனம் ஓட்டியவர். எந்த அணியும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ஓய்வு நேரத்தில் கல்லூரி ஆட்டக்காரர்களின் புள்ளிவிபரங்களைக் கூட்டிக் கழிப்பது அவரது பொழுதுபோக்கு. 2010 ட்ராஃப்டுக்கு முன்பே, லின் என்பிஏ-யில் தொடக்க வரிசையில் ஆடக்கூடியவன், இன்னும் மேலேயும் போகலாம் என்று எழுதிவைத்தார். முக்கியமாக இரண்டு விடயங்களைப் பார்த்தார். ஒன்று, மூன்று புள்ளிக் கோட்டுக்கு உள்ளே எறிந்தவற்றில் எத்தனை விழுந்தன. மற்றது, மீள்பந்து, பறிப்பு, தடுப்பு மூன்றையும் கூட்டினால் 40 நிமிடத்துக்கு எத்தனை. உள்ளே புகுந்து போட முடிகிறதா என்பதை முதலாவது சொல்லும். உடலின் வேகமும் துடிப்பும் இரண்டாவதில் தெரியும். உடம்பை அவர் உடம்பைப் பார்த்து அளக்கவில்லை. அந்த உடம்பு மைதானத்தில் என்ன செய்து முடித்தது என்பதைப் பார்த்து அளந்தார்.

இன்னொரு இடத்திலும் அதே பதில் வந்தது. ஹியூஸ்டன் ரொக்கெட்ஸ் அணியின் அப்போதைய பொறுப்பாளர் டரில் மோரி கணினி மாதிரிகளை நம்பித் தெரிவு செய்வதில் பெயர் பெற்றவர். எழுத்தாளர் மைக்கல் லூயிஸ் 2016இல் வெளியிட்ட நூலில் அவர் மனம் திறந்து பேசியிருக்கிறார். அவர்களது மாதிரி லின்னை ஏறத்தாழ 15ஆவது இடத்தில் எடுக்கலாம் என்று சொன்னது. ஆனால் ஸ்கௌட்களின் கண்ணுக்கு அவன் வேகமில்லாத, உடல்திறன் குறைந்த பெடியனாகத் தெரிந்தான். மோரி மாதிரியை விட்டுவிட்டுக் கண்ணை நம்பினார். அந்த ஆண்டு ஹியூஸ்டனுக்கு 14ஆவது இடம் இருந்தது. வேறொருவரை எடுத்தார்கள். பின்னாளில் ஓர் ஆட்டக்காரனின் முதல் இரண்டு எட்டுகளின் வேகத்தை அளக்கத் தொடங்கினார்கள். அளந்தவர்களிலேயே வேகமானவன் லின். அவனை உடல்திறன் இல்லாதவன் என்று தானும் எல்லோரும் நினைத்ததற்கு, அவன் ஆசியன் என்பதைத் தவிர வேறு காரணத்தை யோசிக்க முடியவில்லை என்று மோரி ஒப்புக்கொண்டார்.

இது எப்படி நடக்கிறது? வெறுப்பினால் என்று சொல்லிவிட்டால் எளிது. அது முழுக்கதை இல்லை என்றே நினைக்கிறேன். ஒரு ஸ்கௌட் புதிய பெடியனைப் பார்க்கும்போது முதலில் கேட்டுக்கொள்வது, "இவன் யாரைப் போல ஆடுகிறான்?" என்பதுதான். இருபது ஆண்டுகளில் பார்த்த நூற்றுக்கணக்கான ஆட்டக்காரர்கள் அவர் தலைக்குள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைத் தேடி எடுத்து இவனுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறார். அப்படித் தேடும்போது நிறமும் முகமும்தான் முதலில் கைக்கு வருகின்றன. கறுப்புப் பெடியனைக் கறுப்பு ஆட்டக்காரனோடும் வெள்ளையனை வெள்ளையனோடும் ஒப்பிடுகிறார். லின்னுக்குப் பக்கத்தில் நிறுத்த ஒருவரும் இல்லை. யாரைப் போலவும் இல்லாதவன் எதுவும் இல்லாதவனாகிவிடுகிறான். இதை உணர்ந்தபின் ஹியூஸ்டனில் ஒரு விதி வந்தது: ஒரு பெடியனை இன்னொருவரோடு ஒப்பிட வேண்டுமானால், அந்த மற்றவர் வேறு இனத்தவராக இருக்க வேண்டும். சின்ன விதிதான். ஆனால் அதைக் கடைப்பிடித்தபோது பல ஒப்பீடுகள் தாமாகவே உதிர்ந்தன.

உண்மையில் பக்கத்தில் நிறுத்த ஒருவர் இருந்தார். எல்லோரும் மறந்திருந்தார்கள். வட் மிசாக்கா, 1923இல் யூட்டா மாநிலத்தில் யப்பானியப் பெற்றோருக்குப் பிறந்தவர். உயரம் 5 அடி 7 அங்குலம். மேற்குக் கரையில் இருந்த ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட யப்பானிய அமெரிக்கர்களை அரசு முகாம்களில் அடைத்திருந்த காலத்தில், 1944இல், யூட்டா பல்கலைக்கழக அணிக்காக ஆடித் தேசியக் கல்லூரிக் கிண்ணத்தை வென்றார். பிறகு அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்த யப்பானில் ஹிரோஷிமாவில் தப்பியவர்களைப் பேட்டி எடுக்கும் வேலையில் இருந்தார். திரும்பி வந்து 1947இல் இன்னொரு பெரிய கிண்ணம். அந்த ஆண்டு அவரைத் தெரிவு செய்த அணி நியூயோர்க் நிக்ஸ். அந்த லீக்கில் ஆடிய வெள்ளையரல்லாத முதல் ஆள் அவர்தான். மூன்று ஆட்டங்கள், ஏழு புள்ளிகள், பிறகு விட்டுவிட்டார்கள். ஊர் திரும்பிப் பொறியியலாளராக வாழ்ந்து 2019இல் 95 வயதில் காலமானார்.

2010 ஜூன் 24இல் நடந்த ட்ராஃப்டில் 60 பெயர்கள் வாசிக்கப்பட்டன. லின்னின் பெயர் அதில் இல்லை. கோடைகாலப் பயிற்சி ஆட்டங்களுக்கு டலஸ் அணி கூப்பிட்டது. லாஸ் வேகஸில் நடந்த அந்த ஆட்டங்களில் ஒன்றில், முதலாவது ஆளாகத் தெரிவான ஜோன் வோலுக்கு எதிரே நின்று நன்றாக ஆடினான். அதன்பிறகு கோல்டன் ஸ்டேட் அவனைச் சேர்த்தது. முதல் பருவத்தில் 29 ஆட்டங்கள், சராசரி 2.6 புள்ளி. 2011 டிசம்பரில் கழற்றிவிட்டது. ஹியூஸ்டன் எடுத்தது, பன்னிரண்டு நாளில், நத்தாருக்கு முதல் நாள், அதுவும் கழற்றிவிட்டது. பிறகு நிக்ஸ் எடுத்தது. பெப்ரவரி 10க்குப் பிறகும் அணியில் இருந்தால்தான் அந்தப் பருவச் சம்பளம் உறுதி. அவன் அண்ணனின் வீட்டில் சோபாவில் படுத்துக்கொண்டிருந்தான்.

பெப்ரவரி 4 அன்று, ஆட்கள் காணாத நிலையில், பயிற்சியாளர் அவனை இறக்கினார். 25 புள்ளி. அடுத்த ஐந்து ஆட்டங்களில் 28, 23, 38, 20, 27. அந்த 38, கோபி பிரையன்ட் ஆடிய லேக்கர்ஸுக்கு எதிராக. அந்த 27தான் எங்கள் ரொறன்ரோவில். ஆறு மாதத்துக்குள் ஹியூஸ்டன் மூன்று ஆண்டுகளுக்கு 25 மில்லியன் டொலர் கொடுத்து அவனைத் திரும்ப வாங்கியது. டிசம்பரில் சும்மா வைத்திருந்திருக்கலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். லின் பெரிய நட்சத்திரமாக நிலைக்கவில்லை. முழங்கால் காயம், பிறகும் காயங்கள். என்பிஏ-யில் 480 ஆட்டங்கள், சராசரி 11.6 புள்ளி. ஆனால் 2010இல் பெயர் வாசிக்கப்பட்ட 60 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் அத்தனை ஆட்டங்கள் ஆடவில்லை. கேள்வி அவன் கடவுளா என்பதல்ல. அறுபது பேரில் ஒருவனாக இருக்கத் தகுதியானவனா என்பது. அதற்குப் பதில் காகிதத்தில் முன்பே இருந்தது.

இதையெல்லாம் வாசித்து முடித்தபோது எனக்கு ஸ்கௌட்கள்மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேறொன்று நினைவுக்கு வந்தது.

அந்தப் பெப்ரவரிக்கு மூன்று மாதம் முந்தி மகன் தன் பள்ளிக்கூட அணிக்கான தெரிவுக்குப் போயிருந்தான். சுவரில் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் இல்லை. காரில் ஏறிப் பேசாமல் இருந்தான். வீட்டுக்குக் கிட்ட வந்தபோது, அடுத்த வருசம் திரும்ப முயற்சி செய்யட்டுமா என்று கேட்டான். "எங்கட ஆக்களுக்கு உயரம் காணாது. விட்டிட்டுப் படி" என்றேன். எனக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. இரவு வேலைக்குப் போய் வருகிறவனுக்குச் சனிக்கிழமை காலையில் பயிற்சிக்கு ஏற்றி இறக்கும் வேலை மிச்சம். அவன் அடுத்த வருசம் போகவில்லை.

அவன் என்பிஏ-க்குப் போயிருப்பான் என்று சொல்ல வரவில்லை. பள்ளிக்கூட அணிக்கே போயிருப்பானோ தெரியாது. அந்தப் பயிற்சியாளர் அவனை இரண்டு மாலைகள் ஆடவிட்டுப் பார்த்துத்தான் முடிவு சொன்னார். நான் அவன் ஆடிய ஓர் ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. என் தலைக்குள் பக்கத்தில் நிறுத்துவதற்கு ஒரேயொரு ஆள்தான் இருந்தார்: 5 அடி 6 அங்குலமுள்ள நான். அவனோடு என்னை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஹியூஸ்டன் ஆட்கள் பிறகாவது ஒரு விதியை எழுதினார்கள்.

2019 ஜூன் 13 அன்று ரொறன்ரோ ராப்டர்ஸ் முதன்முறையாகக் கிண்ணம் வென்றது. அந்த அணியின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ட்ராஃப்டில் முதல் 14 இடங்களுக்குள் தெரிவான ஒருவர்கூட அதில் இல்லை. கவாய் லெனர்ட் 15ஆவது. கைல் லவ்ரி 24ஆவது. பஸ்கல் சியாக்கம் 27ஆவது. மார்க் கசோல் 48ஆவது. 2007இல் அவரது கொழுத்த உடம்பின் படத்தைப் பார்த்து ஹியூஸ்டன் ஆட்களே பட்டப்பெயர் வைத்துச் சிரித்து, கணினி சொன்னதைத் தள்ளி வைத்தார்கள். கடைசி ஆட்டத்தில் 22 புள்ளி எடுத்த ஃப்ரெட் வன்வ்லீட்டை ட்ராஃப்டில் ஒருவரும் எடுக்கவில்லை. வாங்கின் கோடியில் இன்னொருவர் இருந்தார். அந்தப் பெப்ரவரியில் வந்து சேர்ந்த ஜெரமி லின். இறுதித் தொடர் முழுவதிலும் அவருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு நிமிடம். கிண்ணத்தை வென்றது ஓக்லண்டில், அவர் 2010இல் தொழில் தொடங்கிய அதே அரங்கில். என்பிஏ கிண்ணம் வென்ற முதல் ஆசிய அமெரிக்கர் அவர்.

ஜூன் 17 ஊர்வலத்துக்கு மகன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அவனுக்கு இருபத்திரண்டு வயது. யூனிவர்சிற்றி அவனியூவில் மணிக்கணக்காக வெயிலில் நின்றோம். கூரையில்லாத பேருந்துகள் ஊர்ந்து வந்தன. என்னால் முன்னால் நின்றவர்களின் முதுகைத் தவிர ஒன்றையும் பார்க்க முடியவில்லை. யார் யார் போகிறார்கள் என்று அவன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்போதுதான் கவனித்தேன், அவன் என்னைவிட ஒரு சாண் உயரம்.

"நீ எந்த இடத்தில விளையாடுவாய்?" என்று கேட்டேன்.

"பொயின்ட் கார்ட், அப்பா. இப்பதான் கேக்கிறீங்கள்."

ஸ்காபரோவில் ஒரு சமூக நிலையத்தில் அவனும் கூட்டாளிகளும் ஞாயிறு தோறும் ஆடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அடுத்த ஞாயிறு போய் மர வாங்கில் இருந்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். வலக்கைக்காரன்தான். ஆனால் நெருக்கடியில் பந்தை இடக்கைக்கு மாற்றி உள்ளே புகுந்துவிடுகிறான். அவனைவிட உயரமானவர்கள் இரண்டு பேர் அவனைத் தடுக்க முடியாமல் நின்றார்கள்.